முன் இருக்கையில் ஈரம்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் பிழைப்பே கோளாறுதான். என் கணவர் கல்பாக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறார். குழாயில் ஓடுகிற திரவம் எவ்வளவு சூட்டை எங்கிருந்து எங்கே கொண்டுபோகிறது என்று பார்ப்பது அவர் வேலை. நான் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. சூட்டைப் பற்றித் தெரிந்த ஒருவரும் பிழையைப் பற்றித் தெரிந்த ஒருத்தியும் குடித்தனம் நடத்துகிற வீட்டில், பதினான்கு வயதான ஒரு சின்னக் கார் இரண்டரை மாதம் எங்கள் காதில் பூச்சுற்றியது. கோளாறு எங்கே இருக்கிறது என்று ஒருத்தி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

அவள் என் தோழி. சதுரங்கப்பட்டினத்துக்காரி. என் அலுவலகத்திலேயே புகார் கேட்கும் பிரிவில் இருக்கிறாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் "திரை கறுப்பாக இருக்கிறது" என்று கத்துவதை எட்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டால் அந்தப் பொறுமையும் கழன்றுவிடும். மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுவாள். நான் கரூர்ப் பக்கம். எதையும் நாலு சுற்றுச் சுற்றித்தான் சொல்வேன். அதனாலோ என்னவோ எங்களுக்கு ஒத்துப்போனது.

அலுவலகப் பேருந்து நாங்கள் குடியிருக்கும் புதுப்பட்டினம் வரை வருவதை நிறுத்தியபோது, என் கணவரின் மேலதிகாரி ஒருவர் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய காரை நாங்கள் வாங்கிக்கொண்டோம். சந்தைக்கும் கோயிலுக்கும் தவிர அவர் அதை வெளியே எடுத்ததே இல்லையாம். இருக்கைகளின் மேல் ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. சாவியைக் கொடுக்கும்போது மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் ஓட்ட, தோழி முன் இருக்கையில் பக்கத்தில் உட்கார, இருவரும் வேலைக்குப் போனோம்.

ஆடிக் கிருத்திகை அன்று முதல் கோளாறு வந்தது. அன்று திருப்போரூர் வழியாகப் போகக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் போனேன். காவடிகள், வேன்கள், கரும்புச்சாறு வண்டி, அதற்கு நடுவில் நாங்கள். அரை மணி நேரத்தில் ஐம்பதடி நகர்ந்திருப்போம். திடீரென்று தோழி டேஷ்போர்டைக் காட்டினாள்.

"இன்னாடி இந்த முள்ளு, மேல ஏறிகினே போவுது?"

சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏசியை அணைத்தேன், கண்ணாடிகளை இறக்கினேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எங்கள் பானெட்டின் ஓரத்திலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்துவிட்டார்.

"மேடம், ஹீட்டர போடு! ஃபுல்லா போடு!"

"ஹீட்டரா? இந்த வெயில்லயா?"

"அட போடும்மா! எஞ்சின் சூடு வண்டிக்குள்ள வந்துடும். எஞ்சின் தப்பிக்கும்."

நீலமும் சிவப்புமாக ஒரு திருகு இருந்தது. அதை இத்தனை நாள் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். இறுகிப் போயிருந்ததை இரண்டு கையாலும் பிடித்துச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். அடுப்பைத் திறந்ததுபோல் காற்று முகத்தில் அடித்தது.

"இன்னாடி இது, இட்லி சட்டியா?" என்று தோழி தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டாள். ஆனால் முள் மெல்ல இறங்கியது. ஒரு பூக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தேன்.

நம் ஊரில் பானெட்டைத் திறந்தால் அது பொதுக்கூட்டம். பால்குடம் சுமந்து வந்த ஒருவர் பால்குடத்தோடே எட்டிப் பார்த்து, "பெல்ட்டு" என்றார். மொட்டை போட்டுக்கொண்டு வந்த ஒருவர் "பெட்ரோல்ல கலப்படம்" என்றார். நான் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா கட்டுவதை நிறுத்தாமலே அதட்டினார்.

"அத்த தொறக்காத! மூஞ்சி வெந்துடும். எம் பேரன் வண்டில அப்டிதான் ஆச்சி. ஆறட்டும், குந்து."

உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் அவருடைய கதம்பத்துக்கு மரு இலை கிள்ளிக் கொடுத்தோம். ஆறிய பிறகு பார்த்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் கிடந்தது. தண்ணீர் ஊற்றினோம். சாலை திறந்து வண்டி ஓட ஆரம்பித்ததும் முள் சாதுவாக நடுவில் வந்து நின்றுகொண்டது. திருகை நீலத்துக்குத் திருப்பினேன்.

மாலை வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் என் கணவருக்கு முகத்தில் வந்த ஒளியைத் திருமணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. வீட்டு வாசலிலேயே அவருடைய துறையில் ஒரு கோளாறு! உடனே ஒரு நீள நோட்டுப் புத்தகம் வந்தது. கூலண்ட் டப்பாவில் ஒட்டுத்தாள் ஒட்டி மில்லிமீட்டர் கோடுகள் போட்டார். நான் எத்தனை கிலோமீட்டர் போனேன், எங்கே நின்றேன், முள் எங்கே இருந்தது என்று தினமும் விசாரித்து எழுதினார்.

"தெர்மோஸ்டாட்" என்று மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னார். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற சின்னக் கதவு அது. அது திறக்காவிட்டால் சூடு ஏறும். சரிதான். ஞாயிற்றுக்கிழமை காலை அதை அவரே கழற்றிவிட்டார். நான் காப்பி போடப் போனால், அடுப்பில் என் பால் பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே தெர்மோஸ்டாட் நூலில் கட்டித் தொங்குகிறது, பக்கத்தில் ஆய்வக வெப்பமானி.

"பாரு, பாரு, திறக்குது!" என்றார்.

"திறந்தா நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றார், சற்று வருத்தமாக. தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்தது. கூலண்ட் விஷம் என்பதால் பால் பாத்திரம் அன்றோடு சமையலறையை விட்டு வெளியேறியது.

அதற்குப் பிறகுதான் தோழி தன் பெரியப்பா மகனிடம் எங்களைக் கூட்டிப்போனாள். சதுரங்கப்பட்டினத்தில், பழைய டச்சுக் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, கடற்கரைக்கு இறங்கும் வழியில் அவருடைய கொட்டகை. படகு எஞ்சின்கள்தான் அவருக்கு முதல் தொழில். கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் கார் பார்ப்பார். நாற்பது வயது இருக்கும். பேசும்போது நம்மைப் பார்க்கமாட்டார், எஞ்சினைத்தான் பார்ப்பார்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஓடும்போது சூடாவுதா, நிக்கும்போது சூடாவுதா?"

என் கணவர் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்குள் தோழி சொல்லிவிட்டாள். "நிக்கும்போது தான் அண்ணாத்த. மகாபலிபுரம் ரோட்ல பறந்துகினு போனா ஒண்ணும் ஆவல."

"அப்ப ஃபேனு" என்றார். "ஓடும்போது காத்தே ஃபேனு. நின்னா தான் நெசமான ஃபேனு வேணும்."

எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். முள் ஏறியது, விசிறி சுற்றவில்லை. ஒரு நீளக் குச்சியை எடுத்து விசிறி இலையை லேசாகத் தள்ளிவிட்டார். அது சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு விர்ரென்று பிடித்துக்கொண்டது. "மோட்டார்ல பிரஷ்ஷு தேஞ்சிபோச்சி. யாராச்சும் எழுப்பி வுட்டா தான் எய்ந்திருக்கும்" என்றார். புது மோட்டார் போட்டு, பச்சை நிறத்தில் புதுக் கூலண்டும் நிரப்பிக் கொடுத்தார்.

என் கணவர் நோட்டில் 'முடிந்தது' என்று எழுதி அடிக்கோடிட்டார். அவர் அதுவரை எழுதியதிலேயே தவறான வாக்கியம் அதுதான். வண்டி அதன் பிறகு எங்கே நின்றாலும் சூடாகவில்லை. விசிறி கடமை தவறாமல் சுற்றியது. ஆனால் ஒட்டுத்தாளில் கூலண்ட் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. வாரத்துக்கு ஒரு விரல்கடை. ஊற்றினால் மறுபடி இறங்கும். எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

வண்டிக்கு அடியில் பழைய நாளிதழ்களை விரித்து வைத்தோம். காலையில் பார்த்தால் காகிதம் மொறமொறவென்று காய்ந்து கிடக்கும். மாடி வீட்டுக்காரர் அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்ததுதான் மிச்சம். என் கணவருக்கு இப்போது ஒரு புதுப் பயம் வந்துவிட்டது: எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவிலிருக்கும் கேஸ்கெட் கிழிந்து, தண்ணீர் உள்ளுக்குள்ளேயே எரிந்துபோகிறதோ என்று. கிழிந்திருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்து மூடியின் அடியில் பால்நுரை போல் படியுமாம். தினமும் பல் துலக்கியதும் பிரஷ்ஷோடே கீழே இறங்கி எண்ணெய் மூடியைத் திறந்து பார்ப்பார். பிறகு புகைக்குழாய்க்குப் பின்னால் குனிந்து நின்று, வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்ப்பார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் வரிசையாகக் குனிந்து நின்று அதையே பார்த்தார்கள்.

மறுபடி மெக்கானிக்கிடம் போனோம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கேஸ்கெட் போயிருந்தால் உள்ளே சோடா போல் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும் என்றார். நாங்கள் நால்வரும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். குமிழி வரவில்லை. "கேஸ்கெட்டு நல்லாகீது சார், நிம்மதியா தூங்குங்க. மூடில ரப்பர் காஞ்சிகீது, அத்த மாத்திடறேன்" என்றார். மாற்றினார். மட்டம் இறங்குவது நிற்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில்தான் தோழி அதைச் சொன்னாள். விசிறி மாற்றிய அடுத்த வாரமே சொன்னாள். பூஞ்சேரி கூட்டுச்சாலையில் திரும்பும்போது, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கீழே தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"டீ, இங்க ஈரமா கீது."

"ஏசி தண்ணியா இருக்கும்" என்றேன்.

நாலு நாள் கழித்து மறுபடி சொன்னாள். அதற்குள் மழை ஆரம்பித்திருந்தது. "உன் குடையிலிருந்து சொட்டியிருக்கும்" என்றேன். அவள் குடையை எடுத்துக் காட்டினாள். அது மடித்துப் பையில் உலர்ந்து கிடந்தது. "அப்ப நேத்து சொட்டியிருக்கும்" என்றேன். என் வேலையில் இதற்குப் 'பயனர் பிழை' என்று ஒரு பெயர் உண்டு. மென்பொருளில் எதையாவது ஒருவர் குறை சொன்னால், அவர்தான் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அப்படி மூடுகிறவர்களோடு நான் தினமும் சண்டை போடுகிறவள்.

வண்டிக்குள் ஓர் இனிப்பு வாசனையும் வர ஆரம்பித்தது. திருப்போரூர்க் கந்தசாமி கோயிலில் வாங்கிய சர்க்கரைப் பொங்கல் இருக்கைக்கடியில் கொட்டியிருக்கும் என்று நினைத்து நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேடினேன். முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பசைபோல் ஒரு படலம் படிந்தது. துடைத்தால் மறுநாள் மறுபடி வரும். கடலோரம் இருக்கிறோம், உப்புக் காற்று என்று என் கணவர் விளக்கம் சொன்னார். ஏசி குளிரவும் இல்லை. பழைய ஏசி என்று விட்டுவிட்டோம். ஈரம், வாசனை, படலம், குளிராத ஏசி. நாலும் தனித்தனியாக வந்து எங்கள் முன்னால் நின்றன. நாலுக்கும் நாலு காரணம் தயாராக வைத்திருந்தோம்.

மூன்றாவது தடவை அவள் சொன்னபோது எனக்கு அலுவலகத்தில் ஏதோ எரிச்சல். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "உன் டிபன் பாக்ஸைப் பாரு. சாம்பார் ஒழுகியிருக்கும். இனிப்பு வாசனைகூட அதுலேர்ந்துதான் போல."

அவள் மடியிலிருந்த டிபன் பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் சாம்பாரு இனிக்குமா?" என்றாள் கடைசியில். "நாள் பூரா எவன் எவனோ சொல்றத எய்தினு கீறேன். நான் சொல்றத ஒருத்தி எய்த மாட்ற. வுடு."

மறுநாள் காலை அவள் வீட்டுத் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தேன். அவள் தம்பி வந்து, அக்கா ஆறரை பஸ்ஸுக்கே போய்விட்டதாகச் சொன்னான். ஒரு வாரம் அப்படித்தான் போனது. அலுவலகத்தில் பார்த்தால் தலையாட்டுவாள். சாப்பிட வேறு மேசைக்குப் போய்விடுவாள். வழியெல்லாம் நான் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். உப்பளங்களைத் தாண்டும்போது, கொக்குகளைப் பார்த்து அவள் சொல்லும் கெட்ட வார்த்தைகள் இல்லாமல் அந்தச் சாலையே எனக்கு நீளமாக இருந்தது. அந்த வாரமும் மட்டம் ஒரு விரல்கடை இறங்கியது. முன் இருக்கையில் யாரும் இல்லாததால் கீழே ஈரம் இருந்ததா என்று சொல்ல ஆள் இல்லை. குனிந்து கைவைத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் விளையாட்டு விழா. கயிறு இழுக்கும் போட்டியில் அவளுடைய பிரிவுக்கு அவள்தான் கடைசி ஆள், நங்கூரம். காலையிலிருந்து மழை கொட்டியது. ஆறரை பஸ் வரவில்லை போல; நிறுத்தத்தில் குடையைப் பிடித்தபடி, முழங்கால் வரை சுருட்டிய பேண்டும் புது வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் வெள்ளை சாக்ஸுமாக நின்றிருந்தாள். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். ஷூவைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள், ஏறிக்கொண்டாள்.

"ஷூவுக்கோசரம் தான் ஏறனேன்" என்றாள்.

"சரி" என்றேன்.

ஷூ நனையக் கூடாதென்று அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாக்ஸோடு காலைக் கீழே வைத்திருந்தாள். அலுவலகம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வாகனம் நிறுத்துமிடத்தில் இறங்குவதற்காகக் காலைத் தூக்கியவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வலது சாக்ஸை உருவி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

அடிப்பாகம் முழுக்கப் பச்சை. இளநீர்ப் பச்சை அல்ல, பாசிப் பச்சையும் அல்ல. மெக்கானிக் புது டப்பாவிலிருந்து ஊற்றியபோது நான் பார்த்த அதே பளிச்சென்ற பச்சை.

"இதான் உன் ஏசி தண்ணியா?"

நான் சீட் பெல்ட்டை அவிழ்த்தேன்.

"சொல்லுடி. என் சாம்பாரு பச்சையா கீதா?"

நான் குனிந்து கால்மிதியைத் தூக்கினேன். அடியிலிருந்த கார்ப்பெட் ஊறிப்போய், கையை அழுத்தினால் விரலிடுக்கில் பச்சையாக மேலே வந்தது. பிசுபிசுப்பு. அந்த இனிப்பு வாசனை. வாகனம் நிறுத்துமிடத்திலேயே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளும் சிரித்துவிட்டாள், ஆனால் சாக்ஸைத் தூக்கிப் போடவில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, "சாட்சி" என்று வைத்துக்கொண்டாள். ஒரு காலில் சாக்ஸ் இல்லாமலேயே அன்று கயிறு இழுத்தாள். அவள் அணி தோற்றது. அதற்கும் நான்தான் காரணம் என்று இன்றுவரை சொல்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை எல்லோரும் கொட்டகைக்குப் போனோம். மெக்கானிக் சாக்ஸைப் பார்த்ததும், முதல் தடவையாக எஞ்சினை விட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"ஹீட்டரு" என்றார்.

"ஹீட்டரா?" என்றார் என் கணவர்.

"ஆமா சார். டேஷ்போர்டுக்கு உள்ள குட்டியா ஒரு ரேடியேட்டரு கீது. எஞ்சின் சுடுதண்ணி அதுல வந்துட்டு போவும். அது ஒழுகுது. அதான் வெளில ஒரு சொட்டு இல்ல, எல்லாம் உள்ள. அந்த ஆவி தான் கண்ணாடில படிது."

என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். சூடு எங்கெல்லாம் போகலாம் என்று இரண்டு மாதமாக வரைந்த படங்களில் அவர் ஹீட்டரை வரையவே இல்லை. இந்தக் கடற்கரையில் யார் ஹீட்டரை நினைப்பார்கள்?

மெக்கானிக் அந்த நீல சிவப்புத் திருகைத் திருப்பிப் பார்த்தார். "இத்த யாரோ இப்போ திருப்பிகீறாங்க. பதினாலு வருசமா மூடியே கெடந்த வால்வு. தொறந்துட்டு மூடனப்ப பாதில நின்னுகினுது. உள்ள துரு புட்ச்ச குழா, சுடுதண்ணி ஏறினதும் தாங்கல. ஏசியும் அதான் குளிரல."

தோழியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆட்டோக்காரர் சொன்னதைச் சொன்னோம்.

"அவரு சொன்னது கரெக்ட்டு தான். அன்னிக்கி ஹீட்டர போடலன்னா எஞ்சினே போயிருக்கும்" என்றார். அந்த ஆட்டோக்காரரைக் கடைசிவரை எங்களால் திட்டவும் முடியவில்லை, தேடிப்பிடித்து நன்றி சொல்லவும் முடியவில்லை.

"ஹீட்டரு வேணும்னா டேஷ்போர்டு மொத்தமா எறக்கணும். ஒரு வாரம் ஆவும். வேணாம்னா அதுக்கு போற ரெண்டு ரப்பர் ஹோஸையும் வெளியவே ஒண்ணா சேத்து வுட்டுடலாம். இன்னா சொல்றீங்க?"

மழை விட்டு வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கள் நாலு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. ஹீட்டர் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் வேலை செய்யும்போது நான் தோழியிடம் போய் நின்றேன். "ஏசின்னேன், குடைன்னேன், கடைசியில உன் சாம்பார்னேன். நீ சொன்ன அன்னிக்கே குனிஞ்சு பாத்திருக்கணும். மன்னிச்சுக்கோ."

"ஏசி, குடை ரெண்டையும் மன்னிச்சிட்டேன்" என்றாள். "சாம்பாரு நெலுவைல கீது."

ஹோஸை இணைத்து, கூலண்ட் நிரப்பி ஸ்டார்ட் செய்தால், முள் நடுவைத் தாண்டி மேலே ஏறியது. "காத்து மாட்டிகினுது" என்று மெக்கானிக் சொன்னதும் என் கணவர் துள்ளி எழுந்தார்.

"காற்று மேட்டைத்தான் தேடும்! ரேடியேட்டர் வாய் எல்லாத்தையும்விட உயரமா இருக்கணும். வண்டி மூக்கைத் தூக்கணும்."

"அதே தான் சார். இது உங்க வேல தான?" என்றார் மெக்கானிக். பெரிய பட்டம் வாங்கியதுபோல் என் கணவர் நிமிர்ந்து நின்றார்.

ஆனால் எங்கள் பக்கம் பூமி தோசைக்கல் போலத் தட்டை. மேட்டுக்கு எங்கே போவது? படகுகளை ஏற்றி இறக்கும் சிமெண்டுச் சரிவு ஒன்று கொட்டகைக்குக் கீழேயே இருந்தது. எஞ்சினை ஆறவிட்டு, அதில் வண்டியைப் பின்னாலேயே இறக்கி, மூக்கு ஊரைப் பார்க்க, வால் கடலைப் பார்க்க நிறுத்தினோம். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மெக்கானிக் மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டார். என் கணவர் கூலண்ட் ஊற்றினார். தோழி உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காலால் பிரேக்கையும் கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருபதடியில் வங்காள விரிகுடா.

வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"இன்னா அண்ணாத்த, வண்டிக்கு வாயு புட்ச்சிகீதா?"

"ஆமாப்பா. ஏப்பம் வுட வெச்சிகினு கீறோம்."

"ஓமத் தண்ணி குடுத்து பாரேன்."

அப்போது வாய்ப்பக்கம் 'குபுக்' என்று ஒரு பெரிய குமிழி வந்து உடைந்தது. இன்னொன்று. பிறகு வரிசையாக நாலு சின்னது. மட்டம் விறுவிறுவென்று இறங்க, என் கணவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். "எறங்குது! நடுவுல நின்னுட்ச்சி!" என்று தோழி உள்ளிருந்து கத்தினாள். வலைக்காரர்கள் கைதட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பானெட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கார்ப்பெட்டைக் கழற்றி, சோப்புப் போட்டு அலசி, எங்கள் வீட்டு மதிலில் இரண்டு நாள் காயவைத்தோம்.

திங்கட்கிழமை காலை தோழி வழக்கமான தெருமுனையில் நின்றிருந்தாள். முள் நடுவில், ஏசியில் குளிர், கண்ணாடி தெளிவு. மாமல்லபுரத்தைத் தாண்டினோம். பூஞ்சேரி திரும்பியதும் அவள் தலையைச் சாய்த்தாள்.

"டீ, முன்னால ஏதோ டக்கு டக்குன்னுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனால் அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். அவளே ஆச்சரியமாகப் பார்த்தாள். இருவரும் இறங்கிப் பானெட்டைத் திறந்தோம். பேட்டரிக்குப் பக்கத்து இடுக்கில், முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பானர் படுத்துக்கொண்டிருந்தது.

தோழி மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். எனக்கே கேட்கும்படி அவர் கத்தினார். "அங்கியா கீது? ரெண்டு நாளா தேடிகினு கீறேன்! படகு எஞ்சின தொறந்து வெச்சிகினு குந்திகீறேன் நான்!"

சாயங்காலம் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, அவள் அதைக் காகிதத்தில் சுற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அலுவலக வாசலில் காவலாளியின் கருவி கீச்சென்று கத்தியது. அவர் பையைத் திறந்து ஸ்பானரை வெளியே எடுத்து, அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள்.

"இது இன்னாம்மா?" என்றார்.

"அது பெரிய கதை சார்" என்றாள் தோழி. "ஓரமா வாங்க, சொல்றேன்."